உப்பு என்று மட்டும் எழுதினேன்

நான் வசிக்கும் தென்ஜெர்மனிச் சிற்றூரின் சூப்பர்மார்க்கெட்டில் உப்பு இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று மிளகுக்குப் பக்கத்தில். மற்றொன்று சோப்புகளுக்கு நடுவே, இரண்டு கிலோ அட்டைப்பெட்டியில். அது பாத்திரம் கழுவும் இயந்திரங்கள் தின்பதற்கு. வந்த புதிதில் பக்கத்து வீட்டு ஹெல்கா கதவைத் தட்டி, "உப்பு இருக்கிறதா?" என்று கேட்டார். சிறு கிண்ணத்தில் சமையல் உப்பைக் கொண்டுபோய் நீட்டினேன். "இல்லை, இயந்திரத்துக்கு" என்றார். இயந்திரம் என்றால் கார், வாசலில் உறைந்த பனியில் தூவத்தான் கேட்கிறார் என்று எண்ணி, உள்ளே போய் முழுப் பொட்டலத்தையும் எடுத்து வந்தேன். அவர் சிரித்துவிட்டு என்னைத் தன் சமையலறைக்கு அழைத்துப்போய், இயந்திரத்தின் அடியிலிருந்த மூடியைத் திருகிக் காட்டினார். சாப்பாட்டு உப்பைப் போட்டால் உள்ளே அடைத்துக்கொள்ளும், இதற்கென்று தனி உப்பு உண்டு, ஷ்பெட்சியால்சால்ட்ஸ் என்று சொல்ல வேண்டும் என்று மெதுவாக, சைகையோடு விளக்கினார். ஆகவே, விஷயம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. முப்பத்தைந்து வருடங்களாகத் தெரியும்.

என் தங்கை பாக்கியம் தூத்துக்குடியில், நாங்கள் இருவரும் பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள். கணவர் போன பிறகு துறைமுகத்து ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு கொடுத்துப் பிழைத்தாள். தினம் இருபத்தைந்து டிபன் கேரியர். ஐந்து வருடங்களுக்கு முன் அவள் விரல்கள் வெடிக்கத் தொடங்கின. போர்வெல் தண்ணீரும் சோப்பும் சேர்ந்து செய்த வேலை. இனி பாத்திரம் கழுவக் கூடாது, மீறினால் விரல் மடங்காமல் போய்விடும் என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். கழுவ வந்த பெண்கள் ஒருவரும் நிலைக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, இங்கன பஜார்ல பாத்திரம் கழுவுத மெஷின் ஒண்ணு பாத்தேன். நம்ம நாட்டுக் கம்பெனிதான். வாங்கித் தாரியா? அதை ரிப்பேர் பாக்குதவன் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கான். நடந்தே போயிரலாம்."

"ஏளா, ரிப்பேர்காரன் வீடு பக்கத்துல இருக்குன்னா ஒரு மெஷினை வாங்குவ?"

"பின்ன எதைப் பாத்து வாங்க? மினுமினுப்பையா?"

நான் சிரித்தேன். நான் இயந்திரப் பொறியாளன். முப்பது வருடம் பம்பு செய்யும் தொழிற்சாலையில் இருந்தவன். ஒரு பொருளின் தரத்தை எப்படி அறிவது என்று எனக்கா சொல்லித் தர வேண்டும்? நான்கு மாதம் செலவழித்தேன். சோதனை முடிவுகளை வெளியிடும் பத்திரிகைகளைப் பழைய இதழ்கள்வரை தேடிப் படித்தேன். கடைகளில் கதவைத் திறந்து மூடி, கீல் தளர்கிறதா என்று பார்த்தேன். ஓடும் இயந்திரத்தில் காதை வைத்து மோட்டாரைக் கேட்டேன். பதினைந்து வருடத்துக்கு உதிரிபாகம் கிடைக்கும் என்று எழுத்தில் கொடுப்பவர் யார் என்று விசாரித்தேன். தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு என்று இங்குள்ள நீர்வாரியத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். என் ஊர் நீர்வாரியத்துக்கு! இயந்திரம் போகப்போவதோ பாக்கியத்தின் போர்வெல் தண்ணீருக்கு. அந்தத் தண்ணீரை நான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஊருக்குப் பொருள் வாங்கி அனுப்பும் நண்பர்கள் இதைப் படிக்கக்கூடும். அதிக விலை கொடுத்தால் அதிக நம்பிக்கை கிடைக்கும் என்று நானும் நம்பினேன். நான் வாங்கியது கடையிலேயே விலை கூடிய ஒன்று. உதிரிபாகம் பதினைந்து வருடம் கிடைக்கும் என்பதும் உண்மைதான், அந்தக் கடைக்குப் பக்கத்தில் குடியிருந்தால்.

அது கப்பலில் போய், அவள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் இறங்கியது. அவள் கைச் சோற்றைத் தினம் சாப்பிட்ட கிளியரிங் ஏஜெண்டு ஒருவரே அதைச் சுங்கத்திலிருந்து வெளியில் எடுத்துக் கொடுத்தார். கையேட்டில் தமிழ் இல்லை. அதனால் செய்ய வேண்டியவற்றை ஒரே தாளில், நல்ல தமிழில் எழுதி, படமெடுத்து அனுப்பினேன்.

மூன்றாவது மாதம் இயந்திரம் நின்றுபோனது. என்ன செய்தாய் என்று கேட்டேன். மெஷினுக்குப் போட என்றே சொந்தக்காரர் ஒருவர் வேம்பார் உப்பளத்திலிருந்து நல்ல கல்லுப்பாகப் பார்த்து ஒரு சாக்கு கொடுத்ததாகவும், வாரா வாரம் அதைத்தான் போட்டதாகவும் சொன்னாள். மண்ணும் சுண்ணாம்பும் கலந்த உப்பு. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"பத்தாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவதானே நீ? ஒரு தாளைப் பாத்துச் செய்யத் தெரியலையா? உன் கையில தங்கத்தைக் குடுத்தாலும் தகரமாக்கிருவ!"

"நீ எழுதினபடிதாம்ணே செஞ்சேன்."

"பொய் சொல்லாத."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே சொன்னாள்: "சரியாயிட்டுண்ணே. நல்லா ஓடுது. நீங்க கவலைப்படாதீங்க." பிறந்ததிலிருந்து என்னை நீ என்று அழைத்தவள் அன்று நீங்க என்றாள். வயதாகிறதல்லவா, மரியாதை வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். அதன்பின் நான்கு வருடம், ஒவ்வொரு ஞாயிறும் "மெஷின் எப்படி ஓடுது?" என்று கேட்பேன். "நல்லா ஓடுதுண்ணே" என்பாள். அந்த இயந்திரத்தைப் பற்றி ஹெல்காவிடம்கூடப் பெருமையடித்திருக்கிறேன்.

சென்ற குளிர்காலத்தில் பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தபோது அந்தத் தாள் கண்ணில் பட்டது. ஐந்தாவது வரி: "வாரம் ஒருமுறை உப்பு போடவும்." அவ்வளவுதான். எழுதிய அன்று நடந்தது நினைவுக்கு வந்தது. முதலில் சிறப்பு உப்பு என்று எழுதினேன். வாசித்துப் பார்க்க நன்றாக இல்லை. அழகுக்காக அந்தச் சொல்லை அடித்தேன். உப்பளத்துக்கு நடுவில் இருப்பவளுக்கு.

மன்னிப்புக் கேட்கவே ஊருக்குப் போனேன் என்று எழுத ஆசை. இல்லை, ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மறுநாள் பாக்கியம் வீட்டில் சாப்பாடு. கேரியர் எட்டாகக் குறைந்திருந்தது. அவள் விரல்கள் மடங்கவில்லை. கரண்டியை உள்ளங்கைகளுக்கு இடையில் இடுக்கி ரசம் ஊற்றினாள். தட்டு வேண்டுமென்று அவள் இயந்திரத்தைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். உள்ளே தட்டுகளோடு டம்ளர், புளி டப்பா, அப்பளக் கட்டு.

"நல்ல அலமாரிண்ணே. எலி ஏறாது."

"பாக்கியம், தப்பு என் மேலதான். வெறும் உப்புன்னு எழுதிட்டேன்."

"தெரியும். ரெண்டு தெரு தள்ளி இருக்காம்லா, அவந்தான் வந்து கழத்திப் பாத்தான். இதுக்குன்னு தனி உப்பு உண்டும்னு சொல்லிட்டுச் சிரியா சிரிக்கான். 'ஏக்கா, தூத்துக்குடிக்கே வெளிநாட்டுல இருந்து உப்பு வரணுமாம்லா!' எனக்கும் சிரிப்பு வந்துட்டு. போர்டும் போயிட்டாம், இங்கன கெடைக்காதுன்னுட்டான்."

"அன்னைக்கே ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. பொய் சொல்லாதன்னீங்க."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் மோர் ஊற்றினாள். குரலில் கோபமே இல்லை.

"ஞாயித்துக்கிழமை தவறாம மெஷினை விசாரிச்சீங்க. ஒரு நாளு என் கையைக் கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்."

சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இதையாவது நான் கழுவுகிறேன் என்றேன். அவள் குறுக்கே வந்துவிட்டாள்.

"வைங்கண்ணே. வந்த விருந்தாளியை எச்சித்தட்டு கழுவ விடுவாங்களா? அதெல்லாம் உங்க வீட்டுல போய்ச் செய்யுங்க."

இரண்டு மணிக்கட்டுகளாலும் தட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, முழங்கையால் குழாயைத் திறந்தாள். எச்சில் கை காய, அடுப்படி வாசலில் நின்றேன். முற்றத்தில், சிறுவயதில் நாங்கள் கை கழுவிய தொட்டி இருந்த இடத்தை எப்போதோ சுவர் வைத்து அடைத்திருந்தார்கள்.

"கை எங்கன கழுவ?" என்று கேட்டேன்.

அவள் திரும்பாமல் மோவாயால் கொல்லைப்பக்கம் காட்டினாள்.