மூன்றாவது சொல்லுக்குப் பிறகு

சொல்லக்காவுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்பதற்குக் குறிப்பு எதுவும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதத்திலிருந்து அந்தப் பெயர்தான் வழங்குகிறது. வேலை என்னவென்றால், படங்களுக்குச் சொல் எழுதுவது. விளம்பரம் செய்கிறவர்கள், பத்திரிகை நடத்துகிறவர்கள், இணையதளம் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் வேண்டிய புகைப்படங்களைச் சேர்த்து வைத்துக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கும் நிறுவனம் அது. 'மழை' என்று ஒருவர் தட்டினால் மழைப் படம் வர வேண்டும். 'தலைவலி' என்று தட்டினால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் வர வேண்டும். படத்துக்குப் பேசத் தெரியாது; அதற்குப் பதிலாகப் பேசுவது அவள்.

ஒரு படத்துக்கு ஏழு சொல். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முதல் சொல் எதுவோ அந்த அடுக்கில்தான் படம் போய் உட்காரும். நாளுக்குத் தொண்ணூறு படம் என்ற கணக்கில், ஒன்பது ஆண்டு நான்கு மாதத்தில் இரண்டு லட்சம் படம் அவள் கையைத் தாண்டிப் போயிருந்தது. அதற்கு முன் பதினோரு ஆண்டு ஒரு மருத்துவமனையின் ஆவண அறையில் நோயாளிகளின் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மருத்துவர்களின் கையெழுத்தையே படித்துப் பழகியவளுக்குப் படத்தைப் படிப்பது பெரிய வித்தையாக இருக்கவில்லை. வயது நாற்பத்தாறு. கணவர் பேருந்து ஓட்டுநர். ஒரே மகள், எதைக் கேட்டாலும் "அப்புறம்" என்று சொல்லும் வயது.

அலுவலகம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, இரண்டாம் மாடியில். முப்பத்து நாலு படி. ஆறு மேசை, இரண்டு சன்னல். அதில் திறப்பது ஒன்று. கீழே பல் குடையும் சத்தம் காலை ஒன்பதரைக்குத் தொடங்கும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் கன்னத்தைத் தடவிக்கொண்டே வேலை பார்ப்பார்கள்.

அந்த நிறுவனத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் உண்டு. எழுதிய சொற்கள் சரிதானா என்று பார்ப்பவருக்குப் படத்தைக் காட்ட மாட்டார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய மேசை. அவர் திரையில் ஏழு சொல் மட்டும் வரும். அதைப் படித்துவிட்டு, தடுப்பில் இருக்கும் சின்னத் திறப்பு வழியாக, தன் மனதில் என்ன படம் தெரிகிறது என்று உரக்கச் சொல்வார். இந்தப் பக்கம் எழுதியவர் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். ஒத்துப்போனால் "பாஸ்". ஒத்துப்போகாவிட்டால் மறுபடி. மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் படம் குப்பைக்குப் போய்விடும், திரும்பி வராது.

அப்படிப் பார்ப்பவரைத் தபால் ஐயா என்பார்கள். முப்பத்தோரு ஆண்டு அஞ்சல் நிலையத்தில் கடிதம் பிரித்தவர். அவருக்கு ஒரு பெருமை இருந்தது. மூன்றாவது சொல்லைத் தாண்டிப் படிக்கவே மாட்டார். "முகவரியில ஊர் பேரு தெரிஞ்சாப் போதும். தெருவை அந்த ஊர்க்காரன் பாத்துக்குவான்" என்பார். அதற்குள் படத்தைச் சொல்லியும் விடுவார், பெரும்பாலும் சரியாக.

ஒருமுறை 'மருத்துவர், களைப்பு, காபி' என்று தொடங்கி எழுதி அனுப்பினாள்.

"அம்பது வயசு டாக்டர். வெள்ளைக்காரர். முன்னால கொஞ்சம் வழுக்கை. தங்கமான மனுஷன்" என்றார் தபால் ஐயா.

"இல்லீங்க ஐயா."

"வழுக்கை இல்லையா?"

"ஆம்பளையே இல்லீங்க. இருபத்தெட்டு வயசுப் பொண்ணு. கறுப்பு."

"அதை முதல்லயே எழுத வேண்டியதுதானே?"

"ஐயா, உங்க பொண்ணே டாக்டர்தானே? அவங்களும் கறுப்புதானே?"

"அது எங்க வீட்டு டாக்டர். இது படத்துல வர்ற டாக்டர்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். 'பெண், கறுப்பு, மருத்துவர்' என்று மாற்றி எழுதினாள், உடனே பாஸ். ஆனால் அந்தப் படம் பெண்கள் அடுக்குக்குப் போனது, மருத்துவர் அடுக்குக்குப் போகவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அவள் யோசித்துப் பார்த்தாள். மருத்துவருக்கு 'ஆண்' என்றோ 'வெள்ளை' என்றோ இதுவரை ஒருமுறைகூட எழுத வேண்டி வந்ததில்லை. அதேபோல் 'துடைப்பம், வாளி, நடைவழி' என்று எழுதினால் 'பெண், கறுப்பு' என்று யாரும் சொல்லாமலே தபால் ஐயாவுக்குத் தெரிந்துவிடுகிறது. யோசித்தாள், பேருந்து வந்தது, ஏறிவிட்டாள். தொண்ணூறு படம் பார்க்கிறவள் ஒவ்வொன்றுக்கும் நின்றுகொண்டிருக்க முடியாது.

அவளுக்கு ஒரு தம்பி. ஆறு வயது இளையவன், லிஃப்ட் பழுது பார்ப்பவன். ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒருவரோடு பதினோரு ஆண்டாக ஒரே வீட்டில் வாழ்கிறான். நான்கு ஆண்டுக்கு முன், சட்டம் அனுமதித்ததும், இருவரும் பதிவு அலுவலகம் போய்த் திருமணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்து சொல்லக்காவுடையது. ரொட்டிக்காரர் அன்றைக்கே அவளை "நாத்தனாரே" என்று கூப்பிட ஆரம்பித்தார். "ஆம்பளை வாயில வர்ற முறையா இது?" என்று கேட்டதற்கு, "பின்ன என்னன்னு கூப்பிட? முறைன்னு ஒண்ணு இருந்தாத்தானே சண்டை போட முடியும்?" என்றார். சொல்லக்காவின் மகளுக்கு இருவருமே மாமாதான். ஒருவர் மாமா, இன்னொருவர் ரொட்டி மாமா.

ஒருநாள் தம்பி ஐந்தாம் மாடியில் மாட்டிக்கொண்ட லிஃப்டைத் திறந்தான். உள்ளே இருந்தது ஒரு புகைப்படக்காரப் பெண்மணி. நாற்பது நிமிடம் உள்ளே இருந்தவர், வெளியே வந்ததும் நன்றி சொன்னார். மறுநிமிடமே, நடிக்காத நிஜமான வீட்டுப் படங்கள் வேண்டும், உங்கள் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார். தம்பிக்கு ஆசை. ரொட்டிக்காரர்தான் தயங்கினார். ஏழு ஆண்டுக்கு முன் ஒரு நண்பன் வீட்டு விழாவில் அவர்கள் இருவரையும் எடுத்த படம் யார் யார் கைபேசிக்கோ போய், கீழே கேலிச்சொற்கள் குவிந்தன; கடைக்கு முன்னால் வந்து சிரித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அன்றிலிருந்து எந்தக் கேமராவுக்கும் அவர் முகம் கொடுத்ததில்லை.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "எடுத்துக்கட்டும். ஆனா எந்தப் பேர்ல போடுறாங்கன்னு என் கண்ணால பாத்துட்டுத்தான் சம்மதத் தாள்ல கையெழுத்து. மறுபடி எவனோ எனக்குப் பேர் வைக்க நான் விட மாட்டேன்."

"படம் எங்க ஆபீஸுக்குத்தான் வரும். என் கைக்கு வந்தா நான் பாத்துக்கறேன்" என்றாள் சொல்லக்கா.

செவ்வாய்க்கிழமை பத்து நாற்பதுக்குப் படம் அவள் திரைக்கு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பு. படத்தில் அவர்கள் சமையலறை. ரொட்டிக்காரர் மாவு பிசைகிறார். தம்பி பின்னால் நின்று அவர் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு, ஒரு விரலை மாவில் விட்டிருக்கிறான். இருவரும் கேமராவை மறந்து சிரிக்கிறார்கள். எவ்வளவு நன்றாக இருக்கிறார்கள் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது கை தன் வேலையைப் பார்த்தது. அடிக்கடி வரும் சொற்களுக்கு ஒற்றை விசை உண்டு. ஆணும் பெண்ணும் வீட்டில் இருந்தால் ஐந்தாம் விசை, 'தம்பதி'. இரண்டு ஆணோ இரண்டு பெண்ணோ இருந்தால் நான்காம் விசை, 'நண்பர்கள்'. அலுவலகத்தின் வழிகாட்டியில் பதினேழாம் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஒன்பது ஆண்டுப் பழக்கம், நான்காம் விசையில் போய் விழுந்தது. மீதி ஆறு சொல்லையும் அதே வேகத்தில் தட்டி அனுப்பிவிட்டது.

"ரெண்டு சிநேகிதப் பசங்க" என்றது தடுப்புக்கு அந்தப் பக்கத்துக் குரல். "ஒரே ரூம் எடுத்துத் தங்கியிருக்காங்க. சமைச்சுப் பாக்குறாங்க. கண்டிப்பாத் தீய விடுவாங்க."

அவள் சிரித்துக்கொண்டே "பாஸ்" என்றாள். தேநீர் குடிக்கக் கீழே இறங்கினாள். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் இந்தக் கைதானே என்று வலது கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். தேநீரை மறந்து மேலே ஏறினாள்.

மேற்பார்வையாளர் அம்மா தலையில் பென்சில் செருகிக்கொண்டிருப்பவர். வேண்டும்போது அதைத் தேடுபவர். "பாஸ் ஆன படத்தைத் திருப்பிக் கேட்ட ஆளை நான் பாத்ததே இல்ல. காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, என்ன எழுதறது?"

"பொய் எழுதிட்டேன்னு எழுதுங்க மேடம்."

"பொய்க்கு இதுல கட்டம் இல்ல. தப்புன்னு போடறேன். என்ன தப்பு?"

"அது என் தம்பி. மாவு பிசையறது அவன் புருஷன்."

மேற்பார்வையாளர் படத்தை அருகில் இழுத்துப் பார்த்தார். "மாவுல விரல விட்டுக் கெடுக்கிறதுதான் உங்க தம்பியா? சாடை தெரியுது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு வாய்ப்பு போயிடுச்சு. இன்னும் ரெண்டுதான். அப்புறம் நானே கேட்டாலும் வராது."

அவள் இருக்கைக்கு வந்து யோசித்தாள். 'ஆண்கள்' என்று முதலில் எழுதினால் தபால் ஐயா உடனே கண்டுபிடிப்பார். ஆனால் படம் தாடி மழிக்கும் பிளேடுக்கும் உடற்பயிற்சிச் சாலைக்கும் நடுவில் போய் உட்காரும். ரொட்டிக்காரர் கேட்டது அந்த இடம் அல்ல. எந்தக் கணவன் மனைவிக்கும் எழுதுவதுபோல் எழுதினாள்: தம்பதி, சமையலறை, மாவு, காலை, சிரிப்பு, ஆண்கள், வீடு.

மூன்று சொல் ஆனதும் குரல் வந்தது. "கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். பொண்டாட்டி மாவு பிசையுது. புருஷன்காரன் பின்னால வந்து தோள்ல மோவாய வெச்சுக்கிட்டு வேலையக் கெடுக்கிறான். சரிதானே?"

மோவாய்கூடச் சரி. "பாஸ்" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. படத்தை வைத்துக்கொண்டு அதைக் கேட்டது அவள் ஒருத்திதான், யார் கேட்கப் போகிறார்கள்? படம் தம்பதி அடுக்குக்கே போகும். ஆனால் காலையில் சிநேகிதப் பசங்க, இப்போது ஒரு பொண்டாட்டி. தபால் ஐயா மனதில் பார்த்த சமையலறைக்குள் ரொட்டிக்காரர் ஒருமுறைகூட வரவே இல்லை.

"இல்லீங்க ஐயா" என்றாள்.

"என்னது?"

எழுந்து தடுப்பைச் சுற்றிக்கொண்டு அவர் மேசைக்கே போனாள். அப்படி யாரும் போவதில்லை. "ஐயா, அடுத்த தடவை ஏழையும் படிக்கணும்."

"முப்பத்தோரு வருஷம்மா. ஒரு நாளைக்கு நாலாயிரம் கடுதாசி. நாலாவது வார்த்தைன்னு ஒண்ணை நான் படிச்சதே இல்ல. ஒரு கடுதாசி ஊர் மாறிப் போனதில்ல."

"போயிருந்தா உங்ககிட்ட வந்து யாரு சொல்லப் போறாங்க? கிடைக்காதவன் காத்துக்கிட்டு இருந்திருப்பான், அவ்வளவுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார். நெடுநேரம் துடைத்தார். "அனுப்பு" என்றார்.

ஒரு சொல்லையும் மாற்றாமல், வரிசையையும் மாற்றாமல் அனுப்பினாள். வேறெந்தத் தம்பதிக்கும் முன்னால் எழுதாததை இவர்களுக்கு மட்டும் முன்னால் எழுத அவளுக்கு மனமில்லை. மேற்பார்வையாளர் அம்மா அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். இது போனால் படம் குப்பை.

"தம்பதி. சமையலறை. மாவு. இது அதேதானே? சரி, சரி, படிக்கிறேன். காலை. சிரிப்பு." குரல் நின்றது. "ஆண்கள்னு இருக்கு."

"ஆமாங்க ஐயா."

"கை தவறித் தட்டலையே?"

"இல்லீங்க."

"அப்போ மாவு பிசையறது பொண்டாட்டி இல்ல."

"இல்ல."

"புருஷன்."

"ஆமா."

"பின்னால நிக்கறவன்?"

"அவனும்தான்."

"இரு, இரு. மோவாய தோள்ல வெச்சிருக்கானா, இல்லையா?"

"வெச்சிருக்காங்க ஐயா."

"அப்ப நான் முன்னாடியே முக்காவாசி பாத்துட்டேன்" என்றார், கொஞ்சம் தெம்போடு. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து சொன்னார். "எழுதிக்கோ. கல்யாணம் பண்ணிக்கிட்ட ரெண்டு ஆம்பளைங்க. அவங்க வீட்டுச் சமையலறை. ஒருத்தர் மாவு பிசையறார், ஒருத்தர் வேலையக் கெடுக்கிறார். ஒரு வருஷம்னு சொன்னேனே, அது தப்பு. ரொம்ப நாளா ஒண்ணா இருக்கிறவங்கதான் இப்படி நிப்பாங்க. என்ன சொல்ற?"

சொல்லக்கா வாயைத் திறப்பதற்குள், "பாஸ்" என்று மேற்பார்வையாளர் அம்மாதான் சொன்னார்.

தபால் ஐயா மறுநாளிலிருந்து ஏழு சொல்லையும் படிக்கத் தொடங்கினார். நாளுக்குத் தொண்ணூறு எழுபத்தொன்றாகக் குறைந்தது. மேற்பார்வையாளர் அம்மா இரண்டு வாரம் முணுமுணுத்தார். 'மேலாளர்' என்று வந்தால் தபால் ஐயா இப்போது, "யாராம்? இரு, முழுசும் படிச்சுட்டுச் சொல்றேன்" என்கிறார். பாதி நேரம் பழைய ஆளைத்தான் பார்க்கிறார். மீதி நேரம் திகைக்கிறார்.

அந்த வாரமே புதன்கிழமை மாலை அவள் ஏழு சொல்லையும் தாளில் அச்சிட்டு ரொட்டிக்கடைக்கு எடுத்துப்போனாள். முதலில் நான்காம் விசையைத் தட்டிவிட்டதையும் மறைக்காமல் சொன்னாள். தம்பியின் முகம் சுருங்கியது. ரொட்டிக்காரர் தாளை வாங்கி, வாய்விட்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். முதல் சொல்லில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"நாத்தனாரே, மாவுன்னு மொட்டையாப் போட்டிருக்கீங்களே. ஆறு மணி நேரம் புளிச்ச மாவு அது."

"ஏழு சொல்லுக்குமேல இடமில்ல."

"கையெழுத்து எங்க போடணும்?"

கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து நிதானமாகப் போட்டார், முழுப்பெயரும் எழுதி.

பதினோரு மாதத்தில் அந்தப் படத்தைப் பத்தொன்பது பேர் எடுத்திருக்கிறார்கள். மெத்தை, வீட்டுக் காப்பீடு, பாத்திரம் கழுவும் எந்திரம், ஒரு பல் மருத்துவமனையும்கூட. எல்லாரும் தேடிய சொல் 'தம்பதி' என்று பதிவில் இருக்கிறது. போன மாதம் ஒரு திரைச்சீலைக் கடை, பேருந்து நிறுத்தத்தில் ஆள் உயரத்துக்கு அதை ஒட்டியது. அன்று காலை ரொட்டிக்காரர் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் நிஜமான கோபம்.

"நாத்தனாரே, உங்க ஆபீஸ்ல யார்கிட்டப் புகார் பண்ணணும்? சீலைக்கு இடம் வேணும்னு என் வலது காதை வெட்டிட்டாங்க. ஊரே பாக்குற இடம். உங்க தம்பி மூஞ்சி மட்டும் முழுசா இருக்கு."

"படம் வாங்கினவங்க வெட்டிக்கலாம். தாள்ல அப்படித்தான் இருக்கு, மூணாவது பக்கம்."

"அதை யாரு படிச்சா?" என்றார் ரொட்டிக்காரர். "சாயந்தரம் வாங்க, நேர்ல காட்டறேன். காது இருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு பாருங்க."