ஒற்றைக்கண் கிழவனும் எங்கள் வீட்டு வழக்கும்

மகளின் கலியாணத்துக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் ஒரு அறையை ஒழித்து, புது மெத்தை போட்டு, கொசுவலை கட்டி வைத்திருந்தேன். லண்டனிலிருந்து வரும் என் தம்பிக்கு. எனக்கு இருக்கிற ஒரே சகோதரம் அவன்தான். அவனோ காலிமுகத்திடல் பக்கம் ஹோட்டலில் அறை எடுத்துவிட்டதாகத் தகவல் அனுப்பினான். கலியாணக் காலை பிள்ளைக்குப் பால் அறுகு வைக்கும்போது தேங்காய் உடைக்க வேண்டிய தாய்மாமன் ஹோட்டலிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கப்போகிறான். சம்பந்தி வீட்டார் காரணம் கேட்டால் என்ன சொல்வது? ஒரு வீடியோ கேம் என்று சொல்ல முடியுமா? அதுவும் ஜப்பான்காரன் எப்போதோ செய்த பழைய கேம் என்று?

என் வீட்டுக்காரரும் தம்பியும் முதன்முதலாக அதை விளையாடியபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். தம்பி எங்களோடு தங்கிக் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தான். இவர் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது புறக்கோட்டை நடைபாதையில் அந்த டிஸ்க்கை வாங்கி வந்தார். "ஒரிஜினல் மாத்தயா, ஜப்பான்!" என்று சிங்களக் கடைக்காரன் சத்தியம் செய்தானாம். அவன் பொய் சொல்லவில்லை. போட்டுப் பார்த்தால் ஒரு எழுத்து இங்கிலீஷ் கிடையாது. எல்லாம் ஜப்பான் எழுத்து. மூளை உள்ள மனிசர் அடுத்த நாளே கொண்டுபோய் மாற்றியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

"படத்தைப் பார்த்தா விளங்குந்தானே," என்றார் இவர்.

"ஓம் அத்தான், கதை எங்கயும் ஒண்டுதானே," என்றான் தம்பி.

அன்றைக்குத் தொடங்கியது. அந்தக் கேமில் நாலு அடி நடந்தால் ஒரு சண்டை. அதுவும் எப்படி? இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பிசாசுகளோ சிப்பாய்களோ, வரிசையாக நின்று முறை வைத்து அடிப்பார்கள். நீ அடி, பிறகு நான் அடிக்கிறேன். நான் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை செய்கிறேன். நீதிமன்றத்தில்கூட அவ்வளவு ஒழுங்கை நான் கண்டதில்லை. எது மருந்து, எது நஞ்சு என்று வாசிக்கத் தெரியாமல் இந்த இரண்டு சென்மமும் சொந்த ஆட்களுக்கே நஞ்சைக் கொடுத்துச் சாகடித்துவிட்டு, ஒருவரை ஒருவர் ஏசும். ஒரே இசை திரும்பத் திரும்ப. நான் அந்த இசைக்கு எத்தனை சட்டி கழுவியிருப்பேன் என்பது பிள்ளையாருக்குத்தான் தெரியும்.

கதையில் ஒரு பொடியன், ஒரு வெள்ளைத்தலைப் பெட்டை, கூடவே ஒற்றைக்கண் கிழவன் ஒருவன். பொடியனும் பெட்டையும் ஏதோ ஒரு அரசனிடமிருந்து தப்பி ஓடுகிறார்கள். பனிமலை அடிவாரத்தில் பெரிய கதவு ஒன்று வரும். அங்கே கிழவன் நின்று நீளமாக ஏதோ சொல்லுவான். பிறகு திரும்பிப் போய்க் கதவைச் சாத்திவிடுவான். உடனே சிப்பாய்கள் வருவார்கள். அதற்குப் பிறகு கிழவனைக் கடைசிவரை காணக் கிடைக்காது. அவ்வளவுதான். ஆனால் கிழவன் ஏன் போனான் என்பதில்தான் எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்தது. இவர் சொன்னார், கிழவன் துரோகி, அரசனிடம் காட்டிக்கொடுத்துவிட்டான், சிப்பாய்களைக் கூட்டிவந்ததே அவன்தான் என்று. தம்பி சொன்னான், கிழவன் தியாகி, பின்னால் வந்த படையைத் தனியே மறித்துச் செத்தான், சிப்பாய்கள் அதில் தப்பி வந்த மிச்சம் என்று. இரண்டு பேருக்கும் ஒரு சொல் ஜப்பான் மொழி தெரியாது! சட்டத்தரணிமாராவது ஆவணத்தை வாசித்துவிட்டு வாதாடுகிறார்கள்.

தம்பி லண்டன் போன பிறகும் வழக்கு முடியவில்லை. கிழமைக்கு ஒருமுறை போன் எடுப்பான். என்னிடம், "அக்கா, சுகமா? அத்தானிட்டக் குடுங்கோ," என்பான். பிறகு ஒரு மணித்தியாலம் கிழவன். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. மற்ற வீடுகளில் மச்சானும் மச்சானும் காணி, சீதனம் என்று கதைத்துக் கதைத்து முகம் பாராமல் போனதைப் பார்த்திருக்கிறேன். இவர்களுக்குக் கிழவன் இருந்தான்.

பிறகு எங்கள் அப்பா இந்த வீட்டில் படுக்கையில் விழுந்து இறந்துபோனார். தம்பிக்கு அப்போது விசா அலுவல் முடியாத நேரம். அங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. அவனால் வர இயலவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது, கனத்தை மயானத்தில் கொள்ளி வைத்தது எல்லாம் இவர்தான். அதைப்பற்றி இவர் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லவே இல்லை என்பதுதான் வினை. உள்ளே கிடந்து புளித்திருக்கிறது.

கலியாணத் திகதி குறித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் வழமைபோலக் கிழவன் வந்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அத்தான், அந்தாள் போனதாலதான் மற்ற ரெண்டு பேரும் உயிரோட இருக்கினம். போக வேண்டி வந்தா என்ன செய்யிறது?" என்றான் தம்பி.

"போறவனெல்லாம் இப்பிடித்தான் சொல்லுவான். நிண்டு பார்த்தவனுக்குத்தான் தெரியும்," என்றார் இவர்.

தம்பி, "சரி அத்தான், வைக்கிறன்," என்றான். வைத்துவிட்டான். நாலாம் நாள் ஹோட்டல் செய்தி வந்தது.

நான் ஆடின ஆட்டத்துக்கு அளவில்லை. இவரைப் பிடித்து உலுப்பினேன். "நான் கேமைத்தானே சொன்னனான், உனக்கென்ன விசரே?" என்று பேப்பருக்குள் முகத்தைப் புதைத்தார். தம்பிக்குப் போன் அடித்தால், "சீச்சீ, ஒண்டும் இல்லை அக்கா. கலியாண வீடு, ஆக்கள் கூட. உங்களுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது எண்டுதான்," என்று தேன் ஒழுகக் கதைத்தான். தம்பி என்னிடம் மரியாதையாகக் கதைத்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். என் ஒரே பிள்ளை இந்த வீட்டுப் படியிறங்கிப் போகும் நாளில், வீட்டில் தங்காத மாமனாக, வாடகைக்குப் பிடித்தவன்போல மண்டபத்தில் வந்து நிற்கப்போகிறான். அதுக்கு ஒற்றைக்கண் கிழவன் காரணம். நாசமாய்ப் போக!

மகள்தான் சொன்னாள், "அம்மா, அந்தக் கேம் இப்ப புதுசாச் செய்து இங்கிலீஷில வந்திருக்கு. விளையாடின ஆக்கள் நெட்டில கிழிகிழியெண்டு கிழிக்கினம். பாருங்கோவன்." வேலை செய்யும் கந்தோரில் சாப்பாட்டு நேரம் முழுக்க நான் அதைத்தான் வாசித்தேன். பழையதுதான் கேம், புதியது குப்பை என்று ஒருவன். நாலு அடிக்கு ஒரு சண்டை என்பதை நிறுத்தி வைக்க ஒரு வசதி வந்திருக்கிறதாம். அதைத் தொடுகிறவன் மனிசனே இல்லை என்று இன்னொருவன். எனக்கு நேரமில்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்த வசதி இல்லாவிட்டால் தொட்டும் பார்த்திருக்க மாட்டேன் என்று ஒருத்தி. அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. பெட்டையின் தலைமயிர் நிறம் மாறிவிட்டதென்று ஒப்பாரி, இசையைக் கேட்டு அழுதேன் என்று ஒரு கிழவர், முடிவு சரியில்லை என்று ஒரு பட்டாளம். வாசித்து வாசித்துக் கண் வீங்கிப் போனது. ஒற்றைக்கண் கிழவனைப்பற்றி ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், வாய் திறக்கவில்லை. உலகத்தில் ஒருவனுக்கும் அவனைப்பற்றி ஒரு கவலையும் இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் அவன் சப்பாணி கட்டி உட்கார்ந்துகொண்டு என் சகோதரத்தை வெளியே தள்ளியிருக்கிறான்.

"அந்தக் கதவடி வரைக்கும் விளையாடி வை," என்று மகளிடம் சொன்னேன். கலியாணப் பொம்பிளை, பாவம், வேலை முடிந்து வந்து சண்டையெல்லாம் நிறுத்திவைத்துவிட்டு விளையாடி முடித்தாள்.

தம்பி வந்து இறங்கியதும் மரியாதைக்கு ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தான். கையில் மருமகளுக்குச் சேலைப் பெட்டி. முன்பென்றால் இவர், "வாடா, என்னடா மெலிஞ்சு போனாய்?" என்பார். அன்றைக்கு எழும்பி நின்று, "வாங்கோ, இருங்கோ. பிரயாணம் எல்லாம் சுகமோ?" என்றார். அவனும், "ஓம், சுகம். நீங்கள் எப்பிடி இருக்கிறீங்கள்?" என்றான். இரண்டு தூதுவர்கள் சந்தித்ததுபோல இருந்தது. இறால் குழம்பை இருவர் சோற்றுக் கோப்பையிலும் அள்ளிப் போட்டேன். காலநிலை கதைத்தார்கள். லண்டனில் குளிராம். கொழும்பில் வெக்கையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பிட்டுக் கைகழுவி முடிய முன்னமே இருவரையும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்தினேன்.

"ஒருத்தரும் எழும்பக் கூடாது. இண்டைக்குத் தீர்ப்பு," என்றேன்.

மகள் போட்டாள். பனிமலை வந்தது, கதவு வந்தது. கிழவன் முன்பைவிடத் தெளிவாக, சுருக்கம் விழுந்த முகத்தோடு வந்து நின்றான். கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடியது. மகள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். எனக்கு முழங்கால் ஏலாது, என்றான் கிழவன். இனி என்னால் மலை ஏற முடியாது. நீங்கள் இளசுகள், நீங்கள் போங்கோ. நான் வீட்டை போறன். குளிர் உள்ளுக்கு வருது, கதவைச் சாத்திவிடுறன்.

சாத்திவிட்டான்.

"அப்ப சிப்பாய்கள்?" என்றார் இவர்.

"அது எப்பவும் வாறதுதானே அப்பா. நாலு அடிக்கு ஒருக்கா."

இத்தனை வருஷம் இரவு பகலாக வழக்காடிய இரண்டு பேரும், முகத்தில் அடித்ததுபோல, அந்தச் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தொலைந்தது சனியன், இனி வெட்கப்பட்டு வாயை மூடுவார்கள் என்று நினைத்தேன்.

"மொழிபெயர்த்தவன் பிழை விட்டுட்டான்," என்றார் இவர் மெதுவாக.

"சந்தேகமே இல்லை அத்தான்!" தம்பி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டான். "அந்தாள் ஜப்பானில எவ்வளவு நேரம் கதைச்சவர்? இதில நாலு வரியோட முடிச்சிட்டாங்கள்."

"முழங்காலாம் முழங்கால்! அந்தக் கண்ணில இருந்த கோபத்தை நாங்கள் பார்த்தனாங்கள்தானே?"

"கண்ணீர் அத்தான்."

"சரி, ஏதோ ஒண்டு. முழங்கால் இல்லை."

"இங்கிலீஷ்காரனுக்கு ஒரு மண்ணும் விளங்கேல்ல."

மகள் ரிமோட்டைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் தலையில் கை வைத்தேன். உலகத்தில் எந்த நீதிமன்றத்திலாவது எதிரிகள் இரண்டு பேரும் சேர்ந்து சாட்சியைப் பொய்யன் ஆக்கியதைக் கண்டிருக்கிறீர்களா? கண்டேன், என் வீட்டில். அரை மணித்தியாலமாக அந்த முகம் தெரியாத மொழிபெயர்ப்பாளனைப் போட்டு வறுத்தெடுத்தார்கள். நான் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிப் போனது.

பிறகு கடலோரத் தண்டவாளத்தில் ரயில் ஒன்று போனது. இவர் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்:

"அண்டைக்குப் போனில... நிண்டு பார்த்தவன் எண்டு சொன்னது... அது நான் இந்தக் கிழவனைத்தான் சொன்னனான்."

பொய். பச்சைப் பொய். சொன்னவருக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும், சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கும் தெரியும்.

"தெரியும் அத்தான்," என்றான் தம்பி. அவனும் தொலைக்காட்சியைத்தான் பார்த்தான். பார்த்தபடியே, "அப்பா கடைசியில என்னைக் கேட்டவரோ?" என்றான்.

இத்தனை வருஷ டெலிபோனில் அவன் ஒருநாளும் கேட்டிராத கேள்வி அது.

"ஒவ்வொரு நாளும்," என்றார் இவர். "வழியிலதான் நிக்கிறான் எண்டு சொன்னனான்."

தம்பி குனிந்துகொண்டான். இவர் தன் கையை அவன் பிடரியில் வைத்தார், வைத்தபடியே இருந்தார். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது, அதோடு சேர்ந்து அப்படியொரு கோபமும் வந்தது. இதைக் கதைக்கவா இந்த இரண்டு கழுதைகளுக்கும் இத்தனை வருஷமும் ஒரு கிழவன் தேவைப்பட்டான்?

"அழுதது காணும்," என்றேன். "ஹோட்டலுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வா."