மூன்று ஞாயிறு வராதவர்கள்

பல்லாவரத்தில் லேத் பட்டறை வைத்தவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். அடுத்தவன் பட்டறையில் இரும்புத் தூளைக் கூட்டிப் பெருக்கியே சொந்தப் பட்டறைக்கு வந்தவர் குப்புராஜ் ஒருவர்தான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. ஆனால் ஒரு இரும்புத் தண்டைக் கையில் வாங்கினால் எத்தனை நூல் கனம் என்று, இஞ்சினீயர் அளவுகோலை எடுப்பதற்குள் சொல்லிவிடுவார். அந்தக் கை யாருக்கு வரும்?

எண்பத்து நான்கில் கோவளத்துக் கடலாமைப் பாதுகாப்புச் சங்கத்தார் அவரைத் தேடி வந்தார்கள். பங்குனி ஆமை கரையேறி மணலில் முட்டையிட்டுப் போகும். நாய்கள் தோண்டித் தின்பதற்குள் அதை எடுத்து, வேலி போட்ட அடைப்புக்குள் புதைத்து வைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடவேண்டும். அந்த வேலிக்கு உப்புக் காற்று தாங்கும் கம்பம் வேண்டுமென்றார்கள். குப்புராஜ் நாற்பது கம்பம் செய்து, தார் பூசி, சும்மாவே கொண்டுபோய் இறக்கினார். கையோடு அவரைச் செயற்குழுவில் ஏழாவது ஆளாகப் போட்டார்கள். காலேஜ் படித்தவர்களோடு சரிசமமாக நாற்காலி.

கூட்டம் மாதத்தில் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி, அவர் பட்டறை மாடியில். ஞாயிறு மெஷின் ஓடாத நாள். மனைவி தனம் போய்ச் சேர்ந்து, ஒரே மகளும் பிலாயில் குடித்தனம் என்று ஆனபின், அந்த அமைதி அவருக்கு ஆகவில்லை. ஒன்பது மணிக்கே நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிட்டு, படியில் காலடி கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பத்து மணிக் கூட்டத்துக்குப் பதினொன்றுக்கு வருவார்கள். சிலர் வரவே மாட்டார்கள். எண்பத்தொன்பதில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் குப்புராஜ் எழுந்து நின்று ஒரு விதியைக் கொண்டுவந்தார்: தகவல் தராமல் தொடர்ந்து மூன்று கூட்டம் வராதவர் உறுப்பினர் இல்லை.

"ஸ்கூல்ல கூட இவ்வளவு கண்டிப்பு இல்லையே சார்" என்றார் ஹில்டா. சேலையூரில் விலங்கியல் சொல்லித்தரும் டீச்சர்.

"அதான் டீச்சர் ஸ்கூல் பசங்க அப்டி கீறானுங்க."

சிரித்தார்கள். சிரித்தபடியே கை தூக்கினார்கள். வருகை எழுதும் கூட்ட நோட்டும் குப்புராஜ் கைக்கே வந்தது.

பயந்துகொண்டு வருவார்கள் என்றுதான் அவர் நினைத்தார். யாரும் பயப்படவில்லை. முதல் வருஷமே மூன்று பேர், விட்டது தொல்லை என்பதுபோல் கழன்றுகொண்டார்கள். அடுத்தது கோவளத்து மீனவர் ஜெயவேலு. தை பிறந்தால் பங்குனி வரை ராத்திரியெல்லாம் கரையில் நடந்து முட்டை எடுப்பவரே அவர்தான். பகலில் தூங்குவார். அவர் மனைவி செல்லம்மா வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கருவாடு கொண்டுவந்தபோது பட்டறை வாசலில் நின்று சொன்னாள்.

"அது ராவெல்லாம் கரைல சுத்திக்கினு கீது சார். ஞாயித்துக்கெழம வர முடியாதுன்னு உன்னாண்ட சொல்லிடச் சொல்லிச்சு."

காகிதத்தில் வந்தால்தான் தகவல் என்று குப்புராஜ் முடிவு கட்டினார். ஜெயவேலுவுக்குத் தன் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாது. மூன்றாவது கூட்டமும் கழிந்ததும் பெயரை அடித்தார்.

ஹில்டா டீச்சரின் தாயாருக்கு நாகர்கோவிலில் பக்கவாதம் வந்தது. டீச்சர் அங்கிருந்து போன் செய்து சொன்னார். அவருக்கும் அதே விதிதான்; நீக்கியாயிற்று என்று லெட்டர் போனது. ஆளுக்கு ஆள் அளவை மாற்றுகிறவன் லேத்தில் நிற்க முடியுமா?

தொண்ணூற்று இரண்டு டிசம்பரில் மாடியில் இரண்டே பேர். குப்புராஜும், செயலாளர் வேதசிரோமணியும். ஓய்வு பெற்ற கிளார்க்கான வேதசிரோமணி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"முட்டை எடுக்க வருஷா வருஷம் வனத்துறைல அனுமதி வாங்கணும்ல? தீர்மானத்துல நாலு கையெழுத்து வேணும். ஜனவரி பத்துக்குள்ள போயாகணும். நாம ரெண்டு பேர்தான் இருக்கோம்."

"புதுசா ரெண்டு பேர சேத்துக்கலாம்."

"சேக்கறதுக்கும் தீர்மானம் வேணுமே. அதுக்கும் நாலு பேர்."

அனுமதி இல்லாமல் ஜெயவேலு முட்டையைத் தொட்டால் திருடன் என்று பிடிப்பார்கள். தொடாமல் விட்டால் நாய்க்குத்தான். அன்று மாலையே குப்புராஜ் தாம்பரம் போய், பஸ் மாறி, சேலையூரில் இறங்கினார். ஹில்டா டீச்சர் நாகர்கோவிலிலிருந்து திரும்பியிருந்தார்.

"டீச்சர், ஒரு கையெழுத்து வேணும்."

"நான்தான் உறுப்பினரே இல்லையே சார். நீங்க அனுப்புன லெட்டர பத்திரமா வெச்சிருக்கேன்."

குப்புராஜ் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். டீச்சர் சொன்னார்.

"தகவல் தராதவங்கன்னுதானே விதி? நான் போன் பண்ணினேன். ஜெயவேலு ஒய்ஃப் நேர்லயே வந்து சொன்னாங்க. நீங்கதான் எழுதிக்கல. அதைக் கூட்ட நோட்டுல எழுதிடுங்க, எங்கள நீக்கினது செல்லாது. நான் வரேன்."

"இன்னான்னு எழுதறது?"

"நடந்ததை எழுதுங்க. தப்பு யாரோடதுன்னும் எழுதுங்க."

தான் கடைந்து கொடுத்த ஒரு சாமான்கூடப் பழுதென்று திரும்பி வந்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவர் அவர். நான்கு நாள் அந்த நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். வியாழக்கிழமை எழுதினார்: 'இருவரும் தகவல் சொன்னார்கள். எழுதாமல் விட்டது குப்புராஜ் ஆகிய என் தவறு. அவர்கள் உறுப்பினர்களாகவே இருக்கிறார்கள்.' மறுநாள் சந்தையில் செல்லம்மாவின் கருவாட்டுக் கூடை முன்னால் போய் நின்று, ஞாயிறு ஜெயவேலுவை வரச் சொன்னார்.

ஞாயிறு பத்து அடிப்பதற்குள் நாலு பேரும் வந்துவிட்டார்கள். ஹில்டா டீச்சர் அந்தப் பக்கத்தை ஜெயவேலுவுக்காகச் சத்தமாகப் படித்தார். குப்புராஜ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் அவரும் பதிலுக்குப் பேசியிருப்பார். கையெழுத்து பத்து நிமிஷத்தில் முடிந்தது. டீ சொல்லட்டுமா என்றார். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு என்று டீச்சரும் வேதசிரோமணியும் பத்தரை மணி சர்ச் ஆராதனைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

படியில் கால் வைத்த ஜெயவேலு திரும்பினார்.

"சார், ஆமை முட்டை போடறத நீ ஒரு தபாவாச்சும் பாத்துகீறியா?"

கம்பம் இறக்கப் பகலில் ஒருநாள் போனதோடு சரி. எட்டு வருஷத்தில் அவர் ஒரு ஆமையையும் கண்ணால் கண்டதில்லை. கூட்டிக்கொண்டு போகத்தான் கேட்கிறார் என்பதும் புரிந்தது.

"நான் பாக்காததா?" என்றார்.

"அப்ப சரி சார்" என்று ஜெயவேலு இறங்கிப் போனார்.

கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் காதில் விழும் தூரம்தான். இல்லை, பார்த்ததில்லை என்று எப்படி ஆரம்பிப்பது என்று குப்புராஜ் யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் ஜெயவேலு ரோட்டைத் தாண்டிப் பஸ் நிற்கும் பக்கம் போய்விட்டார். மணி பத்தேகால். ஞாயிற்றுக்கிழமை முழுசும் மிச்சமிருந்தது.