எதிர்ப் பார்ட்டி இல்லாத மனு

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற பஸ்ஸில், சீட்டுக்கும் ஜன்னல் தகரத்துக்கும் நடுவே ஒரு பச்சை ஃபைலைச் செருகி வைத்துவிட்டு என் தங்கை இறங்கிவிட்டாள். பத்தாவது, பன்னிரண்டாவது, ஆசிரியர் பயிற்சி என்று அவள் கண்விழித்துச் சம்பாதித்த அத்தனை மார்க் ஷீட்டும் அதற்குள். டிப்போவில் கேட்டோம். அந்தக் கண்டக்டரைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். இல்லை.

சுனாமி போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவளுக்கு, அரசு டீச்சர் வேலைக்கான அழைப்பு அப்போதுதான் வந்திருந்தது. சான்றிதழ் சரிபார்க்கிற இடத்தில் ஒன்று சொன்னார்கள். தொலைந்துபோனதாக ஸ்டேஷனில் மனு கொடுத்து, அதற்கான ரசீதை வெள்ளிக்கிழமைக்குள் காட்டினால், நகல் வாங்க அவகாசம். இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு.

ஒரு ரசீது. கத்திக்குத்து இல்லை, கலவரம் இல்லை. போனில் விசாரித்துக்கொண்டு போகலாமென்று எனக்குத் தெரிந்த ஒரே போலீஸ் நம்பரான நூறை அடித்தேன்.

"எங்க இன்னா நடக்குது?" என்றது ஒரு குரல்.

"ஒண்ணும் நடக்கல சார். சர்டிபிகேட் தொலைஞ்சிருச்சு."

"அதுக்கு இங்க அடிப்பியா? உங்க ஸ்டேஷனுக்குப் போ."

"அங்க நம்பர் இன்னா சார்?"

"போயி கேளு."

நேரில் போகாமல் பேசுவதற்கான நம்பரை, நேரில் போய்க் கேட்க வேண்டும். கோபத்தில் போனைச் சுவரில் அடிக்கப் பார்த்தேன். ஆனால் பிறகு எங்கள் வீட்டு ஆட்கள் மேல் வந்த கோபம் அதைவிடப் பெரிது.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவார்கள், சுடுகாட்டுக்குக்கூடத் தனியாகப் போவார்கள். ஸ்டேஷனுக்கு மட்டும் முன்னால் ஒரு வெள்ளை வேட்டி நடக்க வேண்டும். என் மச்சான், அதாவது தங்கை புருஷன், அதில் உறுதியாக இருந்தார்.

"தனியா போனா மதிப்பானா மச்சான்? நம்ம கட்சி மாமாவைக் கூட்டிட்டுப் போவோம்."

மாமா வந்தார். கஞ்சி போட்ட சட்டை, அதன் பையில் தலைவர் படம். ஸ்டேஷன் பெயரைச் சொல்ல மாட்டேன். எதைச் சொன்னாலும் ஒன்றுதான். உள்ளே மனு எழுதுகிற ஏட்டை ரைட்டர் என்பார்கள். அவர் மாமாவின் வேட்டியைப் பார்த்தார், எங்கள் கும்பலைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "எதிர்ப் பார்ட்டி யாரு?"

தொலைந்துபோன ஃபைலுக்கு ஏது எதிர்ப் பார்ட்டி? தங்கை வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். தொலைந்தது என்றால் கனம் இல்லையாம். "பஸ்ல எவனோ அடிச்சிட்டான் சார். நம்ம புள்ளைக்கு வேல வர்றது பொறுக்காதவன் எவனோ."

ரைட்டர் பேனாவை மூடினார். திருட்டு என்றால் வழக்கு. வழக்கு என்றால் எல்லை. "எந்த எடத்துல அடிச்சான்? ஆலப்பாக்கத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? தெரியாதா? அப்ப ஏறுன ஊர்ல போய்க் குடு."

ஏறின ஊருக்குப் போனால், இறங்கின ஊரில் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு பொய்யை மடியில் கட்டிக்கொண்டு இரண்டு ஊருக்கும் நடுவே அலைந்தோம். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போதெல்லாம் தங்கை ஜன்னல் தகரத்தைத் தடவிப் பார்ப்பாள். எனக்கு அந்த ஆற்றையே எடுத்து யார் தலையிலாவது கவிழ்க்க வேண்டும்போல் இருக்கும்.

"பேசாம இரும்மா, மாமா மேலிடத்துல பேசுறாரு" என்றார் மச்சான்.

வியாழக்கிழமை காலையில் அவள் யாரிடமும் சொல்லாமல் செருப்பை மாட்டினாள். வாசலில் பார்த்துவிட்ட என்னிடம், "கூட வா அண்ணா. ஆனா வாயத் தொறக்காத" என்றாள்.

அதே முதல் ஸ்டேஷன். ரைட்டர் இல்லை, ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்திருந்தார். தங்கை நின்றபடியே சொன்னாள்: "யாரும் திருடல மேடம். நான்தான் பஸ்ல வச்சுட்டு எறங்கிட்டேன். ரசீது வேணும்."

"இவ்ளோதானா? இதுக்கா அன்னிக்கு அத்தினி பேரு வந்தீங்க? நான் எதோ சொத்துத் தகராறுன்னு நெனச்சேன்." வெள்ளைத்தாளை நகர்த்தினார். "எழுதும்மா. எந்த பஸ்ஸு, எந்தத் தேதி, இன்னா இன்னா தொலைஞ்சிது. ஜாஸ்தி எழுதாத."

மின்விசிறிக் காற்றில் மை உலர்வதற்குள் ரசீது வந்துவிட்டது.

வெளியே வந்ததும்தான் மதில் சுவரைப் பார்த்தேன். பறிமுதல் செய்த பைக்குகள் துருவேறிக் குவிந்து கிடந்தன. அவற்றின் மேல் கொடி படர்ந்திருந்தது. கொடிக்குப் பின்னால், நீலப் பெயிண்டில், அந்த ஸ்டேஷனின் போன் நம்பர். கடைசி இரண்டு இலக்கங்களை ஒரு பெட்ரோல் டேங்க் மறைத்திருந்தது. பொதுமக்களுக்காக எழுதி, பொதுமக்களின் வண்டியாலேயே மூடி வைத்திருக்கிறார்கள். தங்கை எட்டி, கொடியை விலக்கி, நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ரசீதை ஏற்றுக்கொண்டார்கள். அவகாசம் கிடைத்தது. பின்னால் வேலையும் கிடைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே மச்சான் கேட்டார்: "யார் சொல்லி முடிஞ்சிது?"

"யாரும் சொல்லல."

அவர் நம்பவில்லை. மாமாவுக்கு போன் போட்டார். மாமா சிரிப்பது எனக்கே கேட்டது. "நான்தான் மாப்ள சொல்லி வச்சிருந்தேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஒரு சால்வை வாங்கிப் போய் அவருக்குப் போர்த்திவிட்டு வந்தார். தங்கை அன்று யாருக்கும் சோறு போடவில்லை.