கட்டில் வண்டி

எல்கானா ஓசோடோ கட்டிலை அறுத்து மோட்டார் சைக்கிள் செய்தான். பொண்டாட்டி சந்தைக்குப் போயிருந்த ஒரு பகல்பொழுதில், கல்யாணத்துக்கு வந்த இரும்புக் கட்டிலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவனிடமே கேட்டால் கட்டில் தானாக முன்வந்து வண்டியாக மாறியதுபோல் சொல்வான்.

நான் மிகால். கிசுமுவில் கிபூயே சந்தையில் பழைய செயின், பல்சக்கரம், பேரிங் விற்கிறவள். ஓசோடோவின் வெல்டிங் கொட்டகை என் கடைக்கு நேர் எதிரே. அவன் வெல்டிங் பொறியிலிருந்துகூடக் கண்ணை மூடித் தப்பித்துக்கொள்ளலாம். அவன் வாய்க்கு மூடி கிடையாது.

முன்பு சைக்கிளின் பின்சீட்டில் ஆள் ஏற்றிப் பிழைத்தவன். வெல்டிங் பழகியதும் கேட் செய்தான். அதில் ஒரு கேட் வெளிப்பக்கம் மட்டும் திறக்கும். திறந்தால் பாதி ரோட்டை அடைக்கும். கேட்டுக்காரர் சண்டைக்கு வந்தபோது, "உங்க வீட்டுக்கு வர்றவன் ரோட்லயே நின்னு மரியாதையா கூப்பிடணும்னுதான் அப்படி வச்சேன்" என்றான். அவரும் யோசித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சரிதான். ஆனால் கல்யாண வீட்டில் பிடிலை நிறுத்தி, சில்லறை போட்டு, தன் பெருமையைத் தானே பாடிக்கொள்கிற பக்ரூவோக் என்ற வழக்கத்தில்தான் அவன் வாய்க்கு முழு வேலை. "நான் ஓசோடோ, செமெ ஊர்ப் பெண்ணின் மகன், இரும்பு என்னைக் கண்டால் தானே வளையும்" என்று ஆரம்பித்தால் பிடில்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்.

கட்டில் போன அன்று அவன் மனைவி டோர்சிலா என் கடைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, என் கட்டில பாத்தீங்களா?"

எதிர்க் கொட்டகையைக் கை காட்டினேன். கட்டிலின் நாலு காலும் வண்டியின் சட்டமாக நின்றன. தலைமாட்டு வளைவு கைப்பிடியாகியிருந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற பழைய பம்பு எஞ்சின் ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தது.

"எங்க மாமா குடுத்த கட்டில் அது. கட்டில் திரும்பி வரட்டும், நானும் வரேன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு ரியாட் மலை மேலுள்ள பிறந்த வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

ஓசோடோ என்ன செய்திருக்க வேண்டும்? மலை ஏறிப் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை ஒரு கல்யாணத்தில் டோர்சிலாவின் ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து பிடிலை நிறுத்தினான்.

"நான் ஓசோடோ, செமெப் பெண்ணின் மகன். என் பொண்டாட்டிக்குக் கட்டில்தானே வேணும்? வர்ற ஞாயித்துக்கிழமை அதே கட்டில் மேல ஏறி உக்காந்து மலைக்கு வரேன். கீழ கால் வைக்காம வரேன்."

கைதட்டல் அடங்குவதற்குள் கட்டில் கொடுத்த அந்த மாமா எழுந்தார். மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுவார். ஒரு காசைப் போட்டார்.

"நான் அந்தக் கட்டிலக் குடுத்தவன். கட்டில் மலை ஏறலன்னா, பொண்ணு மலை இறங்கமாட்டா."

சபையில் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. வாயால் கெட்டான் என்பார்களே, அப்படிக் கெட்டான்.

வண்டிக்கு எஞ்சினிலிருந்து ஒரு செயின் நடுவில் சுழலும் ஷாஃப்டுக்கு, நடு ஷாஃப்டிலிருந்து இன்னொரு செயின் பின்சக்கரத்துக்கு. கியர் பெட்டி கிடையாது. எல்லாம் அந்த ஷாஃப்டும் பல்சக்கரங்களும்தான். முதலில் ஷாஃப்டுக்குக் கட்டிலின் கால்மாட்டுக் குழாயையே போட்டான். பளபளவென்று இருந்ததாம். முதல் ஓட்டத்திலேயே அது பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொண்டது.

"உள்ள ஒண்ணுமில்லாதது முறுக்கிக்காம என்ன செய்யும்?" என்றேன்.

"என்னத்தான சொல்றீங்க?"

"ஷாஃப்டத்தான் சொன்னேன். உனக்கு உறுத்தினா நான் என்ன பண்றது."

சோள மாவு மில்லில் ஓடித் தேய்ந்த கெட்டி ஷாஃப்ட் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஊருக்கே மாவு அரைச்ச ஷாஃப்ட் என் வண்டியில" என்று சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு போனான். பெருமை பேச ஒரு வழி கிடைத்தால் புத்திமதியைக்கூட வாங்கிக்கொள்வான்.

அடுத்து பல்சக்கரம். இங்கேதான் வினை பிடித்தது.

"அக்கா, முன்னால வைக்கப் பெரிய ஸ்ப்ராக்கெட்டா குடுங்க. பின்னால சின்னது போதும்."

"தலைகீழா கேக்கிறியே. முன்னால சின்னது, பின்னால பெருசு. அப்பதான் சக்கரத்துக்கு இழுக்கிற பலம் வரும். கியர் இல்லாத வண்டிப்பா. மலை ஏற வேணாமா?"

"முன்னால போறது ஆம்பள, பின்னால வர்றது பொம்பள. ஆம்பள பெருசா இருந்தாத்தான மதிப்பு."

"இரும்புல ஏதுப்பா ஆம்பள பொம்பள."

"எங்கப்பா எப்பவும் முன்னால நடப்பாரு. எங்கம்மா பின்னால."

"மூட்ட யாரு தலைல இருந்துச்சு?"

"அம்மா தலைலதான்."

"அப்ப பெருசு யாருக்கு வேணும்?"

தலையைச் சொறிந்தான். "நீங்க யாவாரம் பண்றீங்களா, விடுகத போடறீங்களா?" என்றான்.

அதற்குள் சந்தையே கூடிவிட்டது. முடிவெட்டுகிறவன், தையல்காரன், தொப்பி விற்கிறவன் எல்லாரும் முன்னால் பெரிதுதான் என்றார்கள். ஒருவனிடமும் வண்டி இல்லை. அந்த வழியாக வந்த பிரசங்கியார் ஆதாமின் விலா எலும்பிலிருந்து ஆரம்பித்து, செயினைப் பற்றி வேதத்தில் நேரடியாக ஒன்றும் இல்லாவிட்டாலும் குறிப்பு இருக்கிறது என்று முடித்தார். பின்னால் பெரிது வேண்டும் என்றது நானும் மீன் விற்கிற இரண்டு பெண்களும். நாங்கள் மூட்டை தூக்கினவர்கள். எங்களை யார் கேட்டார்கள்.

பெரியதையும் சிறியதையும் அவன் கேட்டபடியே கொடுத்துவிட்டேன். கடை வைத்திருப்பது விற்கத்தானே.

ஏரிக்கரைச் சமதரையில் வண்டி ஓடியது. இரண்டு பேர் தள்ளிவிட்டால் போதும், பிறகு கோழியெல்லாம் பறக்க ஓடியது. ஓசோடோ என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்திப் புருவத்தைத் தூக்கினான். நானும் தூக்கினேன். சமதரையில் யார்தான் வீரன் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று மத்தியானம் கொட்டகைக்குப் பின்னால் போனபோது அவன் தனியாக உட்கார்ந்து, தானே கிண்டிய உகாலியை, சோளமாவுக் களியை, தின்றுகொண்டிருந்தான். ஒரு பக்கம் மாவு, ஒரு பக்கம் கரி. என்னைப் பார்த்ததும், "எனக்கு இப்படித்தான் பிடிக்கும்" என்றான். பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. போய் ஒரு வார்த்தை "தப்பு" என்று சொன்னால் முடிகிற விஷயம்.

ஞாயிறன்று அவனுக்குத் தெரியாமல் ஒரு சின்னப் பல்சக்கரம், ஒரு பெரிய பல்சக்கரம், கொஞ்சம் செயின், ஸ்பேனர் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு முன்னதாகவே மலைக்குப் போய்விட்டேன். என் பேச்சைக் கேட்காதவன் மலை பேச்சைக் கேட்பான் என்று தெரியும்.

மலைப்பாதை ஓரம் முழுக்கச் சனம். கீழே சமதரையிலிருந்து சீறிக்கொண்டு வந்தான். முதல் ஏற்றத்தில் வேகம் பாதியானது. இரண்டாவது வளைவில் எஞ்சின் கிழ ஆடுபோல் இருமிவிட்டு நின்றது. வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. பிரேக் என்று அவன் வைத்திருந்தது ஒரு செருப்புத் துண்டு. இரண்டு காலையும் தரையில் ஊன்றினான். சபதத்தின் பாதி அங்கேயே போயிற்று.

அப்போதுதான் அவனுடைய மாமியார் சர்ச் ஆராதனை முடிந்து, அவனுக்குப் பின்னால் அதே பாதையில் ஏறி வந்தார்.

எங்கள் வழக்கத்தில் மருமகனும் மாமியாரும் முகம் பார்க்கக் கூடாது; வழியில் எதிர்ப்பட்டால் ஒருவர் புதருக்குள் இறங்கிவிட வேண்டும். ஓசோடோ இறங்கினால் வண்டி மாமியார் மேல் போகும். மாமியார் இறங்கலாம், இறங்கினால் மாப்பிள்ளை பள்ளத்துக்குப் போவான். ஓசோடோ முகத்தை, வண்டியில் டேங்காகக் கட்டியிருந்த பெட்ரோல் டின்னுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "யாரோ ஒரு பெரியவங்க வர்றாங்க போலிருக்கு" என்று காற்றிடம் சொன்னான். மாமியார் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டார். திருப்பினபடியே குனிந்து ஒரு கல்லை எடுத்தார். பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக ஏறி வந்து, திரும்பிப் பார்க்காமலே அந்தக் கல்லைப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். பிறகு புதருக்குள் இறங்கிப் போனார். மரியாதையும் கெடவில்லை, மாப்பிள்ளையும் கெடவில்லை. சனங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்படி அடக்கியதில் தையல்காரனுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

மேலிருந்து டோர்சிலா இறங்கி வந்தாள். வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். தலைமாட்டு வளைவைத் தொட்டாள். செயின் பக்கம் குனிந்தாள்.

"முன்னால எதுக்கு இவ்ளோ பெருசு?"

ஓசோடோ செயினில் இல்லாத அழுக்கைத் துடைத்தான். தொப்பி விற்கிறவன்தான் ஓரத்திலிருந்து, "ஆம்பள முன்னால போறவன்ல" என்றான்.

"அப்படியா," என்றாள் டோர்சிலா புருஷனைப் பார்த்து. "அப்ப நீ முன்னால போய்க்கிட்டே இரு. நான் மேல போறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி ஏறத் தொடங்கினாள். ஓசோடோ அவள் முதுகையே பார்த்தான். அவன் வாயில் ஒரு பெருமையும் வரவில்லை. அப்படி ஒரு நிலையில் அவனை நான் பார்த்ததே இல்லை.

"அக்கா," என்றான் என் பக்கம் திரும்பாமல். "உங்க பையில சின்ன ஸ்ப்ராக்கெட் இருக்கா?"

"யாருக்கு?"

"முன்னால வைக்க."

பையை அவன் முன்னால் கவிழ்த்தேன்.

நடுரோட்டில், மாமனார் வீட்டு ஆட்கள் பார்க்க, முழங்காலிட்டு மாற்றினான். சனம் வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டு காத்திருந்தது. தையல்காரன் மட்டும், "ஏம்ப்பா, ஆம்பள சின்னதாயிட்டானே" என்றான். ஓசோடோ பின்பக்கத்துக்குப் பெரிய சக்கரத்தை மாட்டி போல்ட்டை இறுக்கிக்கொண்டே, "உன் பொண்டாட்டி உன்னை விட்டுப் போகட்டும், அப்புறம் பேசு" என்றான்.

வண்டி கிளம்பியது. நத்தை வேகம். எஞ்சின் தலைதெறிக்க ஓடியது, சக்கரம் சாவகாசமாக உருண்டது. ஆனால் நிற்கவில்லை. வளைவு தாண்டி, அடுத்த வளைவும் தாண்டி, முன்னால் நடந்துகொண்டிருந்த டோர்சிலாவைப் பிடித்தது. கொஞ்ச தூரம் பக்கத்திலேயே ஓடியது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"நிறுத்தினா மறுபடி கிளம்பாது," என்றான் ஓசோடோ. "ஓடும்போதே ஏறிக்கிறியா?"

அவள் எட்டி ஓர் அடி வைத்து, ஒரு பக்கமாகப் பின்னால் உட்கார்ந்தாள். ஒரு ஆள் பாரம் கூடியும் வண்டி அதே வேகத்தில்தான் ஏறியது. நான் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தேன். அவ்வளவு மெதுவாகப் போனதால் அவர்கள் பேசியது முழுக்கக் காதில் விழுந்தது.

"கட்டில் எங்க?"

"நீ உக்காந்திருக்கியே, அதுதான்."

"இதுல படுக்க முடியுமா?"

ஓசோடோ ஒரு குழியைச் சுற்றி வண்டியைத் திருப்பினான்.

"முடியாது," என்றான். "தப்புதான் டோர்சிலா."

மேலே வீட்டு முற்றத்தில் எல்லாரும் நின்றார்கள். அந்த மாமா கையில் காசோடு காத்திருந்தார். இவன் இப்போது வானத்தை வில்லாக வளைப்பான், பதில் சொல்ல வேண்டும் என்று. ஓசோடோ இறங்கி, கரிக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கையைத் தூக்கினான்.

"நான் ஓசோடோ, செமெப் பெண்ணின் மகன். முன்னால இருக்கிற சின்னப் பல்லு நான்தான். நான் நாலு சுத்து சுத்தினாத்தான் டோர்சிலா ஒரு சுத்து சுத்துவா. மலை ஏத்தினது அவதான்."

மாமா காசைப் பையில் போட்டுக்கொண்டார். பொண்ணு மலை இறங்கலாம் என்றார்.

அன்றிலிருந்து சந்தையில் அவனுக்குச் சின்னப்பல் என்று பேர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான். முடிவெட்டுகிறவனும் தொப்பி விற்கிறவனும் இப்போது, முன்னால் சின்னதுதான் வேண்டும் என்று தாங்கள் அன்றே சொன்னதாகச் சொல்கிறார்கள்.

புதுக் கட்டிலும் வந்துவிட்டது. இரும்புக் கட்டில் வேண்டவே வேண்டாம் என்று டோர்சிலா பிடிவாதமாக மரக் கட்டில் வாங்கியிருக்கிறாள். மரத்தில் மோட்டார் சைக்கிள் செய்ய முடியாதாம். போன வாரம் அவள் இல்லாத நேரத்தில் ஓசோடோ என் கடைக்கு வந்து, மரத்தில் மாட்டுகிற மாதிரி பேரிங் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டேன். இருந்தது.