காந்தாரம் குடியிருந்த கிட்டார்

ஆட்டையாம்பட்டி செங்கோடன் போய்விட்டார் என்று அவருடைய மூத்த மகன் வந்து சொன்னபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். "காப்பி நல்லா இருக்குதுன்னாருங்க. டம்ளரைக் கீழ வெச்சாரு. அவ்வளவுதானுங்க" என்றார். பாவி மனிதர்! போகும்போதுகூட யாரையாவது பாராட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார். அழுகைக்கு முன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரை அறிந்தவர்கள் என்னைத் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

பேசாப்பட காலத்தில் ஒரே டென்ட் கொட்டகையில் இருவரும் வேலை பார்த்தோம். திரைக்கு ஒரு பக்கம் நின்று கதையை உரக்கச் சொல்வது என் வேலை. மறுபக்கம் கிட்டார் வாசிப்பது அவருடையது. தறிக்காரக் குடும்பத்துக்காரர். சேலம் ஜங்ஷனில் யாரோ ஒரு ரயில் டிரைவரிடம் அதை வாங்கி, தமக்குத் தெரிந்த ஸ்வரங்களை அதில் தேடிப் பிடித்திருந்தார். முதல் நாளே, "இதென்னங்க, வீணைக்குச் சீக்கு வந்தாப்பல இருக்குது?" என்று கிண்டல் செய்தேன். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ, க, ப மூன்றையும் சேர்த்து மீட்டினார். கல்யாண வீட்டுக்குள் நுழைந்தது போலிருந்தது. நடுவிலிருந்த க, அதாவது காந்தாரத்தை மட்டும் ஒரு கட்டம் கீழே இறக்கி மறுபடி மீட்டினார். செத்துப்போன என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

"ஸாவும் பாவும் ஊட்டுச் செவருங்க. காந்தாரந்தான் உள்ளார இருக்கற ஆளு. ஆளு சிரிச்சா ஊடே சிரிக்கும். ஆளு மூஞ்சியத் தொங்கப்போட்டா ஊடும் அழுவும்" என்றார்.

ரீல் மாற்றும்போது சனம் பீடி பிடிக்கக் கிளம்பிவிடும். இவர் ஏழாவது ஸ்வரமான நிஷாதம் வரை ஏறி, முடிக்க வேண்டிய மேல் ஸட்ஜத்தைத் தொடாமல் நின்றுவிடுவார். ஒருவரும் அசையமாட்டார்கள். "எலையப் போட்டுட்டுச் சோறு போடலைன்னா எவன் பந்திய உட்டு எந்திரிப்பான்?" என்பார்.

எனக்கு முப்பது வயதாகியும் பெண் கிடைக்கவில்லை. இரண்டு இடம் தட்டிப்போயிற்று. மூன்றாவது, ஆத்தூர் அரிசி மில்காரர் வீடு. "கொட்டாயில கத்தறது ஒரு பொழப்பா? நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்" என்று மகளோடு ஆத்தூர் ஆட்டத்துக்கு வந்துவிட்டார். அன்று பார்த்தா என் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டும்! மிளகுக் கஷாயம் குடித்தும் வெறும் காற்றுதான் வந்தது. "நீங்க கையையும் வாயையும் ஆட்டுங்க சாமி. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார் செங்கோடன்.

திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்த தாயின் கதை. பிள்ளை கைநழுவியதும் காந்தாரம் இறங்கியது, கொட்டகை விம்மியது. அவள் தேடித் தேடி அலைந்தபோது நிஷாதத்திலேயே நிறுத்தி எங்கள் உயிரை வாங்கினார். பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொண்டபோதுதான் மேல் ஸட்ஜத்தைத் தொட்டு, காந்தாரத்தைப் பழைய இடத்துக்கு ஏற்றினார். சனம் துண்டை வீசியது. மில்காரர் மூக்கைத் துடைத்தபடி மகளோடு வந்து, "தொண்டைன்னா இதுல்ல தொண்டை! அந்தத் தாய் கதறினது இன்னும் காதுல இருக்கு" என்றார். நான் திருதிருவென்று விழித்தேன். செங்கோடன் கம்பியைத் துடைத்துக்கொண்டே, "ஆமாங்க. அவரு தொண்டைக்கு நான் சும்மா பக்கவாத்தியமுங்க" என்றார். அடுத்த தையில் எனக்குக் கல்யாணம்.

சாவுச் செய்தி வந்த இந்தக் காலையில் இந்தக் கதையைச் சொல்லி என் மனைவியிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் சிரித்தாள். "உங்க வாயில காத்துதான் வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? பொம்பளைங்க பக்கம் முதல் வரிசையில இல்ல உக்காந்திருந்தேன்?"

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டே?"

"தான் வாங்கின பேரை அப்படியே தூக்கிக் குடுக்கற கூட்டாளி ஒரு ஆளுக்கு இருந்தா, அந்த ஆளு மோசமாவா இருப்பாருன்னு நெனைச்சேன்."

இத்தனை வருஷம் நிஷாதத்திலேயே நிறுத்தி வைத்திருந்தாள், பாருங்கள்!

கிட்டார் அவர் மகனிடம் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். எனக்கு அவர் விட்டுப்போனது இந்த வீடும், இதன் காந்தாரமும். அழுது சிவந்த கண்ணோடு அவள் காப்பி கொண்டுவந்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். "நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைத்தேன்.