ஆட்டோடு கடலுக்குப் போன நாள்

பிள்ளைகளா, போன வாரம் கடற்கரையில் நீங்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்து இழுத்தும் நான் தண்ணீருக்குள் வராமல் சிரித்துக்கொண்டே நின்றேனே, அது பயத்தால் இல்லை. முதன்முதலாக நான் கடலில் கால் வைத்த நாள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லுகிறேன். பெரிய கதையெல்லாம் இல்லை.

சங்கரன்கோவில் பக்கம் நம்முடைய ஊர் கரிசல் பூமி என்பது உங்களுக்குத் தெரியும். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் மண் களியாகிவிடும். அந்தச் சேற்றில் நின்றால் ஆட்டுக்குக் குளம்பு அழுகும். அதனால் அப்பா செம்மறிகளை ஓட்டிக்கொண்டு கிழக்கே, உடன்குடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தேரிக்குப் போய்விடுவார். தேரி என்றால் சிவந்த மணல் மேடு. எவ்வளவு மழை பெய்தாலும் குடித்துவிடும். தை பிறந்து பல நாள் கழித்துத்தான் திரும்புவார். ஆக, குளிர்காலம் என்றால் எங்கள் வீட்டில் அப்பா கிடையாது. பொங்கலுக்கும் கிடையாது.

நான் மூன்றாவது படித்தபோது, அரைப்பரீட்சை லீவில், அம்மா பக்கத்து வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் மாறி மாறி அங்கே போனாள்.

அப்பா பனங்காட்டு ஓரத்தில் ஓலைக் குடிசை போட்டிருந்தார். அங்கே படுத்தால் கடல் இரைவது கேட்கும். ஆனால் அத்தனை வருசமாக அவர் கடலைப் போய்ப் பார்த்ததே இல்லையாம்! “அங்கன ஆட்டுக்குத் திங்க என்ன இருக்கு?” என்றார். கூட இருந்த சித்தப்பாவும் காய்ச்சலோடு ஊருக்குப் போயிருந்தார். ஆட்டை விட்டுவிட்டு நகர முடியாது.

அப்பாவோடுதான் கடலுக்குப் போவேன் என்று நான் அழுதேன். மறுநாள் மத்தியானம் எங்களுக்கு பஸ். அதிகம் பேசாத அம்மா அன்று சொன்னாள்: “அப்போ ஆட்டையும் பத்திக்கிட்டே போவோம்.”

“உனக்கென்ன கிறுக்கா?” என்றார் அப்பா. ஆனால் விடிந்ததும் கம்பை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக நடந்தவர் அவர்தான்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்து வேலையை நிறுத்திவிட்டார்கள்.

“என்ன அண்ணாச்சி, ஆட்டுக்குக் கடல் காட்டக் கூட்டியாந்தீயளோ?”

“ஆமா வே. ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்துச்சு.”

அம்மா கம்பை வாங்கிக்கொண்டாள். “நான் பாத்துக்கிடுதேன். நீங்க பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க.”

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். என் கையைப் பிடித்தபடி முழங்கால் தண்ணீர் வரை போனார். அப்படி ஒரு சந்தோசம் எனக்கு! கொஞ்ச நேரம்தான். ஆடுகளுக்குக் கம்பைத் தெரியாது, அப்பாவின் முதுகைத்தான் தெரியும். பெரிய கிடா அவர் பின்னாலேயே அலைக்குள் இறங்கிவிட்டது. கிடாவைப் பார்த்து மற்றதெல்லாம் இறங்கின. ஒரு பெரிய அலை வந்து எல்லாவற்றையும் புரட்டியது. வலைக்காரர்கள் சிரித்துக்கொண்டே ஓடிவந்து, ஆளுக்கொன்றாகத் தூக்கிக் கரையில் விட்டார்கள். ஒன்றும் போகவில்லை.

ஆனால் அப்பா சிரிக்கவில்லை. மார்கழி வாடை அடித்துக்கொண்டிருந்தது. நனைந்த உடம்பில் அந்தக் காற்று பட்டால் ஆட்டுக்குச் சளி கட்டிச் செத்துப்போகும். வேகமாகப் பனங்காட்டுக்கு ஓட்டிவந்து, காய்ந்த ஓலையைக் கொளுத்தி, சாக்கால் துவட்டினோம். ஒரு குட்டி மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. அம்மா அதை மடியில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டாள்.

நல்ல வெயில் வந்தது. எங்கள் பக்கத்து ஆட்டுக்கு முடி குட்டை, சீக்கிரம் காய்ந்துவிடும். குட்டியும் துள்ள ஆரம்பித்துவிட்டது.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்றார் அப்பா, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அம்மா குட்டியின் முதுகைத் தடவினாள். “இன்னும் ஈரமா இருக்கே.”

அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து தடவினார். “ஆமா. ஈரமாத்தான் இருக்கு.”

நானும் தொட்டுப் பார்த்தேன். “இல்லம்மா, நல்லாக் காஞ்சிட்டு!”

“ஏலே, உனக்கு என்னல தெரியும்? போய்ச் சுள்ளி பொறக்கிட்டு வா,” என்றார் அப்பா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

நான் சுள்ளியோடு திரும்பி வந்தபோது, இரண்டு பேரும் அதே இடத்தில் அந்தக் குட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பஸ் போய்விட்டிருந்தது. குட்டி காய்ந்துவிட்டது மூன்றாவது படிக்கிற பிள்ளைக்கே தெரிகிறது, இவர்களுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு ஆச்சரியம். ஆனால் ஆடு ஈரமாக இருந்தால் ஊருக்குப் போகவேண்டாம் என்பது மட்டும் விளங்கியது.

மறுநாள் விடியும்போது அம்மா குடிசைக்குள் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா ஆட்டுக்குத் தின்னக் குழை வெட்டப் போயிருந்தார். நான் பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டுகொண்டு, சத்தமில்லாமல் ஆடுகளுக்கு நடுவே போனேன். அந்தக் குட்டியின் முதுகில் மெதுவாக ஊற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

நன்றாக ஈரமாக இருந்தது.